நேஷனாலிட்டே வாங்கிய புழு

மச்சான்,

ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பாத கதையொன்றை எழுதப்போகிறேன் என்று கையிலிருந்த கத்தரிக்காய்மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அடித்த அடியில் காயின் ஓட்டையிலிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகியும், புழுவைப் பார்த்தால் நினைவுக்கு வருகிற சிநேகிதன் எனக்கு நீ ஒருவன்தான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. உழவர்கரை ஓரத்தில் இருந்த என் கத்தரித் தோட்டத்துப் புழுக்கள் மருந்தைக் குடித்துவிட்டு ஐஸ் கேட்ட காலம். இரட்டிப்பாக அடித்தேன், உடம்பு வைத்தன. பக்கத்து நிலத்தில் மனைக்கல் நட்டாகிவிட்டது. "இந்த போகமும் புழுவுக்குத்தான்னா நம்ம நெலத்தயும் பிளாட்டு போட்டுடலாம்" என்று என் வீட்டுக்காரி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

வேளாண் துறையில் ஆயுசெல்லாம் பூச்சி எண்ணியவனும், பெண்டாட்டி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமையான நேஷனாலிட்டே வாங்கியவனுமாகிய நீ, ரெட்டியார்பாளையத்திலிருந்து மொபெட்டில் வந்து இறங்கினாய்.

"ஒரே மருந்தயே அடிச்சிருக்க. அதுக்குச் சாவாத புழுதான் மிச்சம். அந்துப்பூச்சியா ஆனதும் அதுங்களுக்குள்ளயே கட்டிக்குது. பொறக்கறது அத்தினிக்கும் மருந்துக்குச் சாவாத நேஷனாலிட்டே."

"உன் புள்ளைங்க மாதிரியா?"

"என் புள்ளைங்களுக்கு அம்மா பக்கம் இருந்தாலே போதும்டா. இதுங்களுக்கு அப்பன் அம்மா ரெண்டு பக்கமும் வேணும். மருந்த மாத்து. ஓரமா நாலு வரிசைக்கு எதுவும் அடிக்காத. அங்க பொழைக்கற சாதா பூச்சி வந்து இதுங்களக் கட்டிக்கட்டும். பொறக்கற குஞ்சு மருந்துக்குச் செத்துடும்."

"புழுவுக்கு நான் கல்யாண மண்டபம் கட்டணுமா?"

"கட்டு. பந்தியும் நீதான் போடணும்."

அந்த நாலு வரிசையும் ஓட்டையாகிக்கொண்டே போனதை ஒரு வாரம்தான் என்னால் பார்க்க முடிந்தது. தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். நீ மொபெட்டைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றாய். "மொதல்ல என் மேல அடி. அப்புறம் அதுங்க மேல அடி." உன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

மற்ற வரிசைகளில் அந்த போகம் விளைந்த காய்களை லாரிக்கு ஒரு காய் என்றுதான் ஏற்ற முடிந்தது. ஓட்டை தேடிக் கூடைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி பிளாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த அண்ணனுக்கு ரெண்டு கிலோ எடுத்து வைங்க" என்றாள். நான் விட்ட பெருமூச்சில் கடற்கரைச் சாலையில் நின்ற போலீஸ்காரரின் பிரெஞ்சு காலத்துச் சிவப்புத் தொப்பி பறந்து கடலில் விழுந்தது.

ஐஸ் கேட்டது பொய். லாரி பொய். தொப்பியும் பொய்தான். ஆனால் மருந்தை மாற்றி மாற்றி அடித்தாலும், அந்த நாலு வரிசைக்கு மட்டும் இன்றுவரை ஒரு சொட்டு போனதில்லை. அது நிஜம். இன்றைய புழுவும் அங்கே பறித்த காயில் வந்ததுதான். நசுக்கவில்லை மச்சான். கொண்டுபோய் உன் வரிசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.