கடைசி வரியில் கண்ணீர் வந்துவிட்டது

கோகந்து

அன்பு மகன் எல்யோருக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, அக்கா, அக்காவின் குழந்தை எல்லோரும் அல்லாஹ்வின் கருணையால் உடம்புக்கு நலம், எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகத்துக்குத்தான் நலமில்லை, அதை வெளியில் எடுத்துப்போக முடியாமல் முக்காட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீயும் அங்கே இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சூடான காலுறை போட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஃபோன் கையில் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதம் என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் ஒன்று நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் சிரிக்காமல் இருப்பாய், இரண்டையும் காதால் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டு ரவ்ஷன் கொரியாவில் உங்கள் இன்ச்சோனுக்கே வேலைக்கு வருகிறான், அவன் பெட்டியில் ஜாம் பாட்டிலுக்கும் உலர்ந்த திராட்சைக்கும் நடுவே இது வரும். சங்கதியை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கேரட் விலையில் ஆரம்பித்து உன் அக்கா மாமியாரின் புது பல்செட் வரைக்கும் போய்விடுவேன். உன் அம்மா ஒரு மரண அறிவிப்புக்குக் கை தட்டினாள். கை தட்டியதோடு நிற்கவில்லை, அதற்குப் பதில் கவிதையும் பாடி அனுப்பினாள்.

இறந்தது நம் ஹோஷிம் அகா, என் தோழி ரோபியாவின் அண்ணன். நீ முதன்முதலாக ஊரைவிட்டுப் போனபோது தாஷ்கந்து விமான நிலையம் வரைக்கும் உன்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாரே, மலைப்பாதை முழுக்கப் பாடிக்கொண்டே வந்தார், காது வலித்தது என்று நீ சொன்னாய், அவரேதான். தூக்கத்திலேயே போய்விட்டார். உட்கார்ந்து ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு மேலே படி.

எங்கள் டெலிகிராம் குழுவைப் பற்றி உனக்குத் தெரியும், ‘மாதுளம்பூ’, ரோபியா ஆரம்பித்தது. கவிதை எழுதுகிற ஆசிரியைகள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மாட்டு வைத்தியர் மிர்ஸோஹித், பஜாரில் துணி விற்கிற இரண்டு பேர், அப்புறம் நான், புனைபெயர் தபஸ்ஸும், புன்னகை என்று அர்த்தம், என் பல்வரிசையைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். குழுவில் ஒரு மரியாதை உண்டு, ஒருவர் கவிதை போட்டால் மற்றவர்கள் அன்றைக்கே பாராட்ட வேண்டும், முடிந்தவர்கள் அதே சந்தத்தில் பதில் கவிதை கட்ட வேண்டும். பாராட்டாதவரைப் பாராட்ட மாட்டார்கள், அது எழுதாத சட்டம். காலையில் எழுந்தால் முப்பது கவிதை கிடக்கும், பாதி வசந்தம், பாதி பிரிவு, எல்லாவற்றையும் படித்தால் அடுப்பை யார் பார்ப்பது. ஆகவே நான் ஒரு பாராட்டைச் சமைத்து ஃபோனிலேயே வைத்திருந்தேன், ‘இதயத்தில் இறங்கிவிட்டது, கடைசி வரியில் கண்ணீர் வந்துவிட்டது, இப்படி இன்னும் பல வரட்டும்’, ஒரு தட்டுத் தட்டினால் போய்ச் சேரும். எந்தக் கவிதைக்கும் பொருந்தும், யாரும் குறை சொன்னதில்லை, மிர்ஸோஹித்தின் கோமாரித் தடுப்பூசிக் கவிதைக்குக்கூட அதைத்தான் போட்டேன், மனிதர் நெகிழ்ந்துபோய் எனக்கு ரோஜாப் படம் அனுப்பினார்.

அன்றைக்குக் காலையில் செர்ரி ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டை எடுத்து எடுத்து இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. ஃபோன் முனகியது, சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன், ரோபியா ஏதோ போட்டிருக்கிறாள், சின்னச் சின்ன வரிகளாக, அவள் பால்காரனுக்குச் சொல்லி அனுப்புவதையும் அப்படித்தான் எழுதுவாள். முதல் வரி ‘என் அகாவின் காலணி வாசலில் இருக்கிறது’. ஆகா, அண்ணன் விருந்துக்கு வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன், அதற்கு மேல் நான் படிக்கவில்லை மகனே, அதுதான் நான் செய்த காரியம். சுண்டு விரலாலேயே பாராட்டை அனுப்பினேன். அது போதாதென்று பதில் கவிதையில் நான் கெட்டிக்காரி என்கிற திமிர் வேறு, தட்டச்சு செய்யக் கை இல்லாததால் ஃபோனை மாவுப் பானைமேல் சாய்த்து வைத்து குரலில் பாடியே அனுப்பினேன். காலணி வாசலில் இருந்தால் ஆள் எங்கே போவார் ரோபியா, சமையல்கட்டில் தேடிப் பார், சோம்சாத் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பார். பாடி முடித்து நானே சிரித்தேன், அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது, பின்னால் ஜாம் கொதிக்கிற சத்தமும்.

அந்தி சாய்கிற நேரத்துக்கு உன் அப்பா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, செருப்பையும் கழற்றவில்லை, அப்படியே நின்றார். தேநீர்க் கடையில் சொன்னார்களாம். “ஹோஷிம் அகா மௌத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹருக்கே எடுத்துட்டாங்களாம். ஊரே போயிருக்கு, தோலிப் மட்டும் வரலையேன்னு என்னைத்தான் கேட்டாங்களாம். உனக்கு ஒண்ணும் தெரியாதா” என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்று நான் சண்டைக்கே போனேன், ரோபியா ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவள்மேல் கோபமும் பட்டேன், பட்டுக்கொண்டே ஃபோனைத் திறந்தேன். இந்த முறை முழுதாகப் படித்தேன். ‘என் அகாவின் காலணி வாசலில் இருக்கிறது, போட்டுக்கொள்ள ஆள் இல்லை, விடியலில் மூச்சு நின்றது, ஜனாஸா லுஹர் தொழுகைக்குப் பிறகு, பழைய வீட்டில்.’ அதன் கீழே முதல் ஆளாக நான், கண்ணீர் வந்துவிட்டது, இப்படி இன்னும் பல வரட்டும். என்னை நம்பி, எனக்குப் பின்னால் படிக்காமல் கை தட்டிய கூட்டம் ஒன்று, என் பாட்டுக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன எல்யோர், ஒவ்வொருவரும் தன் சிரிப்பைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள், கடைசியில் என் குரல் மட்டும் தனியாக நின்றது. அழித்தேன், ஆனால் பகல் முழுக்க அது கோகந்தில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. உன் அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். இப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் “கடைசி வரிக்குக் கண்ணீர் வந்த ஆளுக்கு, அதுல இருந்த நேரம் மட்டும் கண்ணுல படலையாக்கும்” என்றார். ஹோஷிம் அகாவின் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்காமல் போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை, என்னோடு பேசுகிறார், ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்குத்தான்.

மறுநாள் போய்த்தானே ஆக வேண்டும். வாசலில் ஆண்கள் சட்டைக்கு மேல் இடுப்பில் துக்கத் துணி கட்டி வரிசையாக நின்றார்கள், நான் தரையைப் பார்த்தே நடந்தேன், மிர்ஸோஹித் என்னைக் கண்டதும் அவசரமாக ஒரு மரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார், அவருடைய சிரிக்கிற முகமும் அங்கே இருந்ததுதானே. உள்ளே பெண்கள் பக்கம், உனக்குத் தெரியும், போகிறவள் குரலெடுத்து அழுதுகொண்டே போக வேண்டும், வீட்டுக்காரி எழுந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும். நான் அழுதேன், நடிப்பில்லை, ஆனால் என் குரல் எழுந்த உடனே அறையில் இருந்த பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், அந்தக் குரலை முந்தின நாள்தான் கேட்டிருந்தார்கள். ரோபியா எழுந்து வந்தாள். கட்டிக்கொண்டாள். ‘ஐயோ என் அகாவே’ என்று ஊரே கேட்க ஒரு ஒப்பாரி வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிற இடைவெளியில் என் காதுக்குள், “சமையக்கட்டுல தேடிப் பாத்தேண்டி இனோபத். அங்கயும் இல்ல” என்றாள். மறுபடி ஒப்பாரி. அவளுடைய சித்தி ஒருத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்து, கையில் தேநீரைக் கொடுத்து, “குடிம்மா, பாடிப் பாடித் தொண்ட காஞ்சிருக்கும்” என்றாள். குடித்தேன். வேறு என்ன செய்வது.

ரோபியாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே மாதத்தில் கல்யாணம் ஆனவர்கள், உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது என்னோடு ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவள் அவள். அவள் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது என்றால் இந்த ஊரில் எனக்குப் பேச்சுத் துணைக்கு உன் அப்பாவின் உப்பும் சாவியும்தான். குழுவிலிருந்து நானே வெளியேறினேன். ரொட்டி வாங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போனேன், அங்கேயும் ரொட்டிக்காரி, “நீங்கதான அந்தச் சோம்சா அக்கா” என்று மரியாதையாகக் கேட்டாள்.

இருபதாம் நாள் சோற்றுக்கு முன்னால் ரோபியாவிடமிருந்து சேதி வந்தது, நேராக எனக்கு இல்லை, உன் அப்பாவிடம். கல்லறைக் கல்லுக்கு ஆண்டுக்கவிதை வேண்டுமாம். உனக்கு அது தெரியாமல் இருக்கலாம், பழைய அரபு எழுத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, கவிதையின் கடைசி அடியில் உள்ள எழுத்துகளின் எண்களையெல்லாம் கூட்டினால் அந்த மனிதர் இறந்த ஆண்டு வர வேண்டும், அப்படிக் கட்டினால்தான் அது கவிஞர் வீட்டுச் சாவு. பழைய எழுத்து தெரிந்தவர்கள் குழுவில் நானும் மிர்ஸோஹித்தும்தான். “அவளையே எழுதச் சொல்லுங்க. அகா உசிரோட இருந்திருந்தா அந்தப் பாட்டத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருப்பாரு. ஆனா இந்தத் தடவ படிச்சிட்டு எழுதச் சொல்லுங்க” என்றாளாம். உன் அப்பா இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரித்தாரோ என்னவோ.

எல்யோர், நான் அப்படி எதற்கும் உட்கார்ந்ததில்லை. அடுப்பை மூட்டவில்லை, ஃபோனை உன் அக்கா வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். ரொட்டி ஆலையில் கணக்கு எழுதிப் பழகிய கை, கூட்டல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, வார்த்தைதான் வரவில்லை. வேடிக்கை தானாக வருகிறது, துக்கத்துக்கு நான் புதுசு. கடைசியில் ஒரு அடி வந்தது, ‘கேட்டவரை எல்லாம் ஏற்றிச் சென்றான், தன் பயணத்துக்கு யாரையும் கேட்கவில்லை’. அதை எழுதும்போது அந்த மலைப்பாதையும், பின்சீட்டில் காதைப் பொத்திக்கொண்ட உன் முகமும்தான் எனக்குள் இருந்தது. எண்களைக் கூட்டினேன், வந்தது, எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

இருபதாம் நாள் எல்லோரும் இருந்தார்கள், பிலாவு பரிமாறுவதற்கு முன்னால் படிக்கச் சொன்னார்கள். காகிதத்தைப் பிரித்தேன். படித்தேன். மிர்ஸோஹித் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், உதடு அசைந்தது, அப்புறம் தலையை ஆட்டி, “சரியா உக்காந்திருக்கு. ஒரு எழுத்து கூடல, ஒரு எழுத்து குறையல” என்றார். கிழவர்கள் எல்லோரும் தாடியைத் தடவித் தலையாட்டினார்கள். உன் அப்பா, நான் பார்த்தேன், கண்ணைத் துடைத்தார். ரோபியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், என் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், பள்ளிக்கூட நாளில் செய்வதுபோல. “வெக்கங்கெட்டவளே, நாளைக்கே குழுவுல வந்து சேரு, நீ இல்லாம எல்லாம் அழுதுகிட்டே கெடக்குதுங்க” என்றாள். அவ்வளவுதான். அன்றிரவு உன் அப்பா கேட்காமலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார்.

ஆகவே கண்ணே, அம்மா சொல்வதைக் கேள். யார் எதை எழுதியிருந்தாலும் கடைசி வரைக்கும் படி, அதற்குப் பிறகு வாயைத் திற. அங்கே தொழிற்சாலையில் கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிற காகிதத்தையும் அப்படியே படி, புரியாவிட்டால் புரிந்தவனைக் கேள், தலையை மட்டும் ஆட்டாதே, அது நம் குடும்பத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உன் அக்காவின் பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடிக்கிறான், அப்பாவின் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. பாட்டிலில் இருப்பது அந்தச் செர்ரி ஜாம்தான், இங்கே யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை, உனக்கு அதில் ஒரு பாவமும் இல்லை, ரொட்டியில் தடவிச் சாப்பிடு. ரோபியா அத்தைக்கு ஒரு முறை ஃபோன் செய்து துக்கம் கேள், மறக்காதே, சேதி அனுப்பாதே, குரலில் பேசு, பின்னால் எதுவும் கொதிக்காமல் பார்த்துக்கொள். அல்லாஹ் உன்னை நல்ல மனிதர்களுக்கு நடுவில் வைத்திருக்கட்டும், உன் கைக்கு அலுப்பும் உன் நெஞ்சுக்குக் கசப்பும் தராமல் இருக்கட்டும், போன வழியே முழுசாகத் திரும்பி வா.

உன் வரவுக்குக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும் அம்மா,
இனோபத்

இன்னொரு விஷயம். உனக்குப் பெருமையாகக் காட்டலாமே என்று அந்தக் கடைசி அடியின் எழுத்துகளை இந்தக் காகிதத்தின் ஓரத்தில் மறுபடி கூட்டிப் பார்த்தேன், ஐந்து தடவை கூட்டிவிட்டேன். கணக்குப்படி ஹோஷிம் அகா இறப்பதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது. கல்லில் நேற்றே வெட்டி முடித்துவிட்டார்கள்.