புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்த தொட்டிகள்

பெஹாலா, கொல்கத்தா
ஜூன் கடைசி ஞாயிறு

சிரஞ்சீவி மாதவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் ஹாம்பர்க்கில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் இதைத் தொடங்குகிறேன். வாரா வாரம் வீடியோவில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குள் காகிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அப்பா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நீ மெதுவாகப் படிப்பதும் இன்றைக்கு எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் அப்பா வைத்திருந்த செடிகளில் ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை. வெயிலில் போகவில்லை, பூச்சி அரிக்கவில்லை, தண்ணீர் விட மறந்தும் போகவில்லை. என் கையால்தான் போயின. பங்குனியில் அப்பாவின் வருஷாப்திகத்துக்கு, விசா சிக்கலில் நீ வரமுடியாமல் உனக்குப் பதில் சித்தப்பா உட்கார்ந்து செய்தாரே, அப்போது ஜம்ஷெட்பூரிலிருந்து ராஜலக்ஷ்மி அத்தை வந்திருந்தாள். அத்தைக்கு வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். மாடிக்கு வடாம் உலர்த்துகிற இடம் பார்க்கப் போனவள் இறங்கி வந்து, எல்லார் எதிரிலும், "தொட்டியெல்லாம் சுண்ணாம்பு பூத்துக் கெடக்கே வத்சலா, என் தம்பி இருந்தா இப்படி விட்டிருப்பானா?" என்றாள். உன் அப்பா இருந்தபோதும் அவை அப்படித்தான் இருந்தன. நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் எதை வைத்தாலும் வெள்ளை படியும், மழைக்காலத்தில் பச்சைப் பாசி பிடிக்கும், தரையில் வட்டம் வட்டமாகக் கறை விழும். அப்பா எப்போதாவது காய்ந்த தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போய்விடுவார். நான்தான் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் அத்தை சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் போய் ஒரு வருஷத்தில் அவருடைய சாமான்களை நான் பாழாக்கிவிட்டதாக ஊர் சொல்லும் என்று பட்டது.

மறுநாள் ஸ்வாமி விளக்கு தேய்க்கிற மாதிரி புளியைக் கரைத்து, கை நிறையக் கல்லுப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சோப்பு போட்டால் மண்தொட்டி உறிஞ்சிக்கொள்ளும் என்று தெரிந்து சோப்பைத் தொடவில்லை பார், அவ்வளவு ஜாக்கிரதை. நம் வீட்டில் பித்தளைக்கும் தாமிரத்துக்கும் தலைமுறையாகச் செய்கிறதுதானே, இதில் என்ன வரப்போகிறது என்று இருந்தேன். அன்றைக்குத் தொட்டிகள் அப்படியே சூளையிலிருந்து இறக்கின மாதிரி சிவந்துபோய் நின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குக் காட்டினேன், நினைவிருக்கிறதா, "அம்மா, எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, அப்பா பாத்தா நம்பவே மாட்டார்" என்றாய். நீ சிரித்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்க்க ஆரம்பித்தேன். உன் மேல் பழி போட இதை எழுதவில்லை கண்ணா, எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். நடுவாரத்தில் மறுபடி வெள்ளை பூத்துவிடும், முன்னைவிட அதிகமாக, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் உப்பு சேர்த்து அழுத்தித் தேய்ப்பேன். தேய்த்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று சில நாள் தொட்டிக்குள்ளேயே வழியவும் விட்டிருக்கிறேன். இந்த வருஷம் கோடையில் இடியோடு வருகிற கால்பைசாகி மழையும் பேருக்குத்தான் வந்தது, இல்லாவிட்டால் அதுவாவது கழுவிக்கொண்டு போயிருக்கும்.

முதலில் பேல்பூல் மல்லி இலை ஓரம் கருகிற்று. வெயில் என்று நினைத்து நிழலுக்கு நகர்த்தினேன். பிறகு ஜபாச் செம்பருத்தி மொட்டோடு உதிர்ந்தது, கந்தராஜ் பூச்செடி ஒரே வாரத்தில் குச்சியாக நின்றது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் விட்டேன். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வேலாயுதம் மாமா கொடுத்த கன்றை அப்பா டிபன் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாரே, அந்தக் கருவேப்பிலைதான் கடைசி வரை தாக்குப்பிடித்தது. ஒரு நாள் காலையில் அதன் தொட்டி ஓரத்தில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினேன், என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. வெறும் சமையல் உப்பு. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பித்தளை எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளாது, சுட்ட மண் இழுத்துக்கொள்ளும். நான் தேய்த்த உப்பெல்லாம் உள்ளே போய், பாதி வேருக்கு இறங்கி, பாதி வெயிலில் வெளியே வந்து எனக்கே அழுக்காகத் தெரிந்திருக்கிறது, நான் மறுபடி உப்பால் அதைத் தேய்த்திருக்கிறேன். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவள், சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரைசலும் படிகமும் சொல்லிக்கொடுக்கிறவள். அன்றைக்கு டியூஷனுக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

செடியைக் காட்டு என்று நீ கேட்டபோதெல்லாம், சிக்னல் இல்லை, மாடிக் கதவு பூட்டியிருக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். கீழ்வீட்டு ஷிப்ரா பௌதியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவள் இரக்கப்பட்டுத்தான் ஒரு யோசனை சொன்னாள். டாயமண்ட் ஹார்பர் ரோடு நர்சரியில் இதே ஜாதிச் செடிகள் கிடைக்கும், வாங்கி வைத்துவிடு, ஆகஸ்டில் வருகிற பையனுக்கு எந்தச் செடி எது என்று தெரியவா போகிறது என்றாள். போனேன். அதே உயரத்தில் ஒரு கருவேப்பிலைக் கன்று இருந்தது, கையில் எடுத்தும் விட்டேன். நீ அதன் பக்கத்தில் குனிந்து நின்று, இது அப்பா வைத்தது என்று தொட்டுப் பார்ப்பாய், நான் பின்னால் நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதை நினைத்ததும் கன்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இப்போது தொட்டிகளை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்துகொண்டிருக்கிறேன். மண்ணைக் கொட்டிவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பக்கெட்டில் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுகிறேன். உப்பு மெல்ல மெல்லத்தான் விடுகிறது. விடாப்பிடியாக இருக்கிற வெள்ளைக்குப் பாதி வினிகர் பாதி தண்ணீர் போதும், பின்பு நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும், தரையில் வட்டம் விழாமல் அடியில் செங்கல் துண்டு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், நான் யாரையும் கேட்கவில்லை. யாருக்காகச் செய்கிறேன் என்றும் தெரியவில்லை. மழை பிடித்துவிட்டது, துணியே காய்வதில்லை, நாள் முழுக்க இந்த வேலையைச் செய்துவிட்டுக் கீழே வந்தால் பேச ஆள் இல்லை. அப்பா போனபோது அழுதது வேறு. அப்போது நீ பக்கத்தில் இருந்தாய், பார்த்துக்கொள்ள வேண்டியது இத்தனை இருக்கிறது என்று மனதுக்கு ஒரு பிடி இருந்தது. அவர் விட்டுப்போனதில் மூச்சுள்ளவை அந்தச் செடிகள் மட்டும்தான், அவற்றையும் நானே, சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கொன்றிருக்கிறேன். இதில் என்னைச் சமாதானப்படுத்த ஏதாவது ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

நீ போன மாதம் சொன்னாய், "நான் வர்றதே அப்பாவோட செடியைப் பாக்கத்தான் மா" என்று. விளையாட்டாகச் சொன்னாயோ நிஜமாகச் சொன்னாயோ, அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். செடி இல்லை என்று தெரிந்தால் உனக்கு இந்த வீட்டுக்கு வர என்ன இருக்கிறது என்று பயம். உனக்குக் கோபம் வரட்டும், வர வேண்டியதுதான். போனில் கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன், சில நாள் பேசாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன்.

சாப்பாட்டில் அசட்டையாக இராதே, வெறும் பிரெட்டில் ராத்திரியைக் கழிக்காதே, முடிந்தபோது ஒரு ரசமாவது வைத்துக்கொள். தீர்க்காயுசோடு நன்றாக இரு, படிப்பு நல்லபடி முடியட்டும், அப்பாவின் ஆசியும் உன் கூடவே இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. நீ வரும்போது தொட்டிகள் எல்லாம் கறையில்லாமல் மாடியில் கவிழ்ந்து கிடக்கும், அவற்றில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஆகஸ்ட் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவைக் கேட்கக்கூட வாய் வராத
அம்மா
வத்சலா