கிழக்கேகோட்டைக் காப்பிப் பலகை

வலியசாலை,
திருவனந்தபுரம்.
கொல்லம் ஆண்டு 1114, கும்பம் 12

சிரஞ்சீவி சேஷனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. பத்மநாபஸ்வாமி புண்ணியத்தில் இங்கே எல்லாம் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது மட்டும் மழை வரப்போகிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது, மழையைத்தான் காணோம். உனக்கு இருமல் போயிற்றா, பம்பாயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு முதலில் பதில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

ஊரில் புதுசு புதுசாக என்னென்னவோ வந்துகொண்டிருக்கிறது. சர்க்கார் பஸ் வந்து வருஷம் ஒன்றாகிறது, அப்பா இன்னும் ஏறவில்லை, கச்சேரி வேலைக்கு நடந்தேதான் போகிறார். கரமனைப் பக்கம் ஒரு வக்கீல் கப்பல் மாதிரி வீடு கட்டியிருக்கிறார், ஓடே கிடையாது, மேலே சிமிண்டுத் தளம், சுவர் மூலையெல்லாம் வழவழவென்று உருண்டை. அந்த மூலையில் அலமாரியை எப்படி ஒட்டி வைப்பார்கள் என்று கேட்டேன், கிருகப்பிரவேசத்துக்குப் போய்வந்த எதிராத்து விஜயம் மாமி அதை விட்டுவிட்டு ரவிக்கைக் கதைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண் தோளில் காற்றை அடைத்தாற்போல் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாளாம், பஃப் என்று பெயராம். நானும் பழைய துணியில் கத்தரித்துத் தைத்துப் பார்த்தேன், நிற்காமல் தொங்கிப்போயிற்று. உள்ளே என்ன வைத்துத் தைக்கிறார்கள் என்று அங்கே யாரையாவது கேட்டு எழுது. போட்டுக்கொள்ள இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட புதுசு ஒன்று கிழக்கேகோட்டையில் வந்திருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு ஒரு காப்பி விளம்பரப் பலகை. தகரத்தின் மேல் எனாமல், மழையில் கரையாதாம், வெயிலில் வெளுக்காதாம், பீங்கான் மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. பொடி பம்பாய்க் கம்பெனியுடையது, இங்கே ஏஜெண்டு சாலைக்கடைத் தாணுமாலயன் பிள்ளை. படத்தில் மடிசார் கட்டிய ஒருத்தி அடுக்களையில் நின்று காப்பி ஆற்றுகிறாள். அம்மன் மாதிரியும் இல்லை, டாக்கியில் நடிக்கிறவள் மாதிரியும் இல்லை, விடிந்ததிலிருந்து வேலை செய்கிறவள் மாதிரி இருக்கிறாள். ஊரே நின்று பார்த்தது. பார்த்துவிட்டு ஊரே சிரித்தது, ஏனென்றால் அவள் டம்ளரை இடது கையில் உயரத் தூக்கிக் காப்பியை விடுகிறாள்.

வலியசாலை முழுக்க ஒரு வாரமாக இதே பேச்சு. வரைந்தவன் வெள்ளைக்காரனாக இருப்பான், அவனுக்கு நம் ஆசாரம் என்ன தெரியும் என்றார்கள் சிலர், அச்சில் படம் திரும்பி விழுந்துவிட்டது என்றார்கள் சிலர். அந்தக் காப்பிப்பொடியைத் தொடவே மாட்டேன் என்று விஜயம் மாமி சொல்ல, அவளைப் பார்த்து நாலு வீட்டில் சொல்ல, தாணுமாலயன் பிள்ளை நேரே நம் அகத்துக்கு வந்துவிட்டார். கையை மாற்றி வேறு பலகை போடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டும், தெருவிலேயே நல்ல இங்கிலீஷ் உங்களுடையதுதான் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பாவுக்குப் பெட்டிஷன் எழுதுவதென்றால் பாயசம் குடிப்பது போல. பலகையைப் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் திங்கட்கிழமை கோவிலுக்குப் போன வழியில் நான் பார்த்துவிட்டேன். முதலில் கையைத்தான் பார்த்தேன், எல்லோரையும் போல. அப்புறம் அவளுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலைப் பார்த்தேன். மூன்று கம்பி, நடுக்கம்பி வில்லாக வளைந்திருக்கிறது. ஏழு வயசில் அதற்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினாயே, ஆசாரி வந்து கம்பியை வளைத்துத்தானே உன்னை எடுத்தான். நம் அடுக்களை ஜன்னலில் வளைந்த கம்பி பம்பாய்க்கு எப்படிப் போகும், நீ கொண்டுபோனால்தான் உண்டு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை என்று இரண்டு வருஷமாக எழுதுகிறாயே, சமர்த்துதான் போ.

எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது, அப்புறம் நடுரோட்டில் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. உனக்கு ஒன்று சொன்னதில்லை. பதின்மூன்று வயசில் நான் இந்த அகத்துக்கு வந்தபோது எதற்கும் இடது கைதான் முன்னால் போகும். பெரியவர்கள் பார்த்துவிட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிவைக்கச் சொன்னார்கள், ஆறு மாசம் கட்டியிருந்தது. தினமும் காலையில் கட்டினது உன் அப்பாதான். அவருக்கும் அப்போது பத்தொன்பது வயசுதான், சொன்னதைச் செய்தார். அதிலிருந்து நாலு பேர் முன்னால் வலது கை, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டால் பழைய கை. பார்த்தவன் நீ ஒருத்தன். யாரிடமும் சொல்லாதே என்று முறுக்குக் கொடுத்து வைத்திருந்தேன், நீயோ எனாமலில் எழுதி ஊர் நடுவில் மாட்டிவிட்டாய்.

அப்பா புதன்கிழமை கச்சேரி விட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் கால் அலம்பினார், சந்தியாவந்தனம் பண்ணினார், பேனாவைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. அந்தக் கம்பியை ஆசாரி வளைத்தபோது உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே, அவருக்கா அது தெரியாது. படம் வரைகிறவனுக்கு இந்த அகத்தில் சாதம் கிடையாது என்று உன்னிடம் சொன்ன மனுஷர். நாலாம் நாள் பிள்ளை வந்து பெட்டிஷனைக் கேட்டார். அப்பா தலை நிமிராமல், "படத்திலே தப்பு ஒண்ணும் இல்லை ஓய். அப்படி விடறவாளும் இருக்கா" என்றார். பிள்ளை முகம் சுருங்கிப்போய், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் எழுதி வாங்கித் தபாலில் போட்டுவிட்டாராம்.

ஆகையால் கையை மாற்று என்கிற உத்தரவு இன்றைக்கோ நாளைக்கோ உன் மேஜைக்கு வரும். அதற்குத்தான் அவசரமாக எழுதுகிறேன். உன் வேலைக்கே ஆபத்து என்றால் நீ யோசித்துச் செய், நான் குறை சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் மாற்றாதே. அது ஒன்றுதான் என் கை, மற்றது எல்லோரும் சேர்ந்து பழக்கிவிட்டது.

இன்று காலை ஒன்று நடந்தது. என்றைக்கும் கூடத்தில் பேப்பரோடு உட்காருகிறவர் அடுக்களைக்குள்ளேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் திடுக்கிட்டு டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு, "போர்டிலே இருக்கறாப்பலயே விட்டா போரும்" என்றார். விட்டேன். கொஞ்சம் தரையில் சிந்திற்று. அவர் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஓட்டல் காப்பியைக் குறை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கதை இனி வேண்டாம், என்ன வேலை செய்கிறாய் என்று அப்பா பெயருக்கே நேராக எழுது, அவர் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரவிக்கைக் கை விஷயத்தையும் மறக்காதே. தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு, கண்ணும் கையும் குறைவில்லாமல் இரு.

கீழே என் பெயர் கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை மட்டும் பழைய கையால் எழுதிப் பார்த்தேன்.

உன் அம்மா,
சுப்புலக்ஷ்மி