கோயில் பொக்ஸ்ல போட்ட நாலாவது பாட்டு

மஸ்கெலியா
12.03.2008

தம்பி லோஜன், நீ போட்டு அனுப்புன பாட்டு டிஸ்க்கப் பத்தித்தான் சொல்ல வந்தேன், அதுக்கு முன்னுக்கு நீ சொகமா இருக்கியான்னு கேக்கணும், லண்டன்ல குளிர் எப்புடி, நெஞ்சுல சளி கட்டாம இருக்கா. மாரியம்மா புண்ணியத்துல ஒன் சித்தப்பாவும் நானும் மூச்சோட இருக்கோம், நல்லா இருக்கோம்னு எழுத கை வரல சாமி.

டிஸ்க் வந்தன்னைக்கே நம்ம சின்ன ரேடியோவுல போட்டோம். மொத பாட்டு தகரத்துல கருங்கல்ல இழுக்குற மாதிரி, அடுத்ததுல நாதஸ்வரத்த துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கே, அதுக்கு அடுத்தது சிங்களப் பாட்டு பைலா தாளம், அது மேல ஒருத்தர் இங்கிலீசுல கோவமா ஏசுறாரு. இதுக்கு தேயிலை பெக்டரி மெசினுக்குப் பக்கத்துலயே போய் ஒக்காரலாம்னு ஒன் சித்தப்பா சிரிச்சாரு. நாலாவதுல வெறும் கிர்ருன்னு இரைச்சல்தான். ஆனா அட்டையில ஒன் பேரு இருக்கே, அதையே தடவித் தடவிப் பாத்தேன். சின்ன ரேடியோவுல அடி சத்தம் வராது சித்தி, பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ்ல போட்டாத்தான் தெரியும்னு எழுதியிருந்தேல்ல, அத நம்பித்தான் நான் கெட்டுப்போனேன். வெள்ளிக்கெழம கோயில் திருவிழாவுக்கு பாட்டு செட்டு கட்டியிருந்தாங்க, கோயில் தலைவர் சிவசாமிகிட்ட கொண்டுபோய், எங்க அக்கா மகன் போட்ட பாட்டு, லண்டன்ல எல்லாம் ஆடுறாங்கன்னு பெரும பேசிக் குடுத்தேன். முழுசா கேட்டியான்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

செட்டுக்காரன் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான். நான் கோயில்ல பானை கழுவிக்கிட்டு இருக்கேன், நாலாவது பாட்டு வந்துச்சு. ஒங்கம்மா செத்தப்ப நம்ம தோட்டத்து மேளக்காரர் வீரய்யா அண்ணன் தப்பு அடிச்சத கையில ஒரு மெசின வச்சு சத்தம் புடிச்சியே, அந்த எழவு அடி. நீ அத மெதுவாக்கி கனமாக்கி விட்டிருக்கே, காலுக்குக் கீழ மண்ணு அதிருது, மலைக்கு மலை போய் திரும்பி வருது. அந்த அடி கேட்டா யாரோ போயிட்டாங்கன்னு கூடைய எறக்கிட்டு எல்லாரும் லயத்து வீட்டுக்கு வருவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் ரோட்டு வழியா ஓடியாந்து யாரு யாருன்னு கேக்குறாங்க, டிஸ்க்குதாம்மா டிஸ்க்குதான்னு நான் கத்துறேன், நிப்பாட்ட எங்களுக்குத் தெரியல. அண்ணன் பொஞ்சாதி பேச்சியம்மா மதினி மட்டும் ரோட்டுக்கு வரல. வீரய்யா அண்ணன் ரெண்டு மாசமா மூச்சு எளப்புல படுத்த படுக்கையா இருக்காருல்ல, அவருதான் போயிட்டாருன்னு நெனச்சு தேயிலைக்குள்ளயே குறுக்கால ஓடியிருக்காங்க. பாட்டெல்லாம் ஓஞ்ச பெறகுதான் ஆளக் காணோம்னு தேடுனோம். மழத்தண்ணி ஓடுற பெரிய கானுக்குள்ள, கல்லு மேல, நெனவில்லாம கெடந்தாங்க, கொழுந்து எடுக்கக் கட்டுற படங்கு சாக்கு இடுப்புல கட்டுனபடியே. இப்ப டிக்கோயா ஆஸ்பத்திரியில. இடுப்புக்குக் கீழ கிள்ளுனாலும் தெரியல, முதுகெலும்பு போச்சு, இனி நடக்குறது கஷ்டம்னு டாக்குத்தரய்யா சொல்லிட்டாரு.

திருவிழாவ நிப்பாட்டிட்டாங்க. லண்டன்ல இருந்து மாரியம்மாவுக்கு எழவு மேளம் அனுப்பியிருக்கான் ஒன் மகன்னு சிவசாமி எல்லாருக்கும் முன்னுக்கு சொன்னாரு. வீரய்யா அண்ணனுக்கு நான்தான் கஞ்சி கொண்டு போறேன். ஏசுவாருன்னு பயந்துக்கிட்டே போனா, சொவத்தப் பாத்துக்கிட்டு, முப்பது வருசம் கூட இருந்தவளுக்கு என் கை தெரியாமப் போச்சேன்னு மட்டும் சொன்னாரு. அடிச்சவரே செத்தவரா இருக்க முடியுமா, ஒரு நிமிசம் நின்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அவங்க நிக்கல.

நான் ஒன்ன ஏசல ராசா, குடுத்தது நான்தான். ஆனா அவருகிட்ட கேட்டுத்தான் புடிச்சியா, இல்ல சும்மா புடிச்சிட்டுப் போனியா, அத எனக்கு எழுது. அங்க உள்ளவங்க அதக் கேட்டு ஆடட்டும், அவங்களுக்கு அது எழவுன்னு தெரியாது. ஒனக்குத் தெரியும்ல. வீரய்யா அண்ணனுக்கு ஒன் கையால ஒரு கடுதாசி போடு, டைப் அடிச்சு அனுப்பாத. மதினி எந்திரிச்சு ஒக்காந்தா தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்திருக்கேன், நீயும் வெள்ளிக்கெழமையில மாமிசம் தொடாத. துன்னூறு மடிச்சு வச்சிருக்கேன், பூசிக்க. ஆத்தா ஒன்னக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு, ஒன்ன வளத்த சித்தி
சண்முகவடிவு

தம்பி, கடுதாசிய ஒட்ட எடுத்தப்பத்தான் நெனப்பு வருது. அன்னைக்கு கோயில்ல அந்த அடிக்கு நடுவுல ஒரு பொம்பள ஒப்பாரி வைக்கிற மாதிரி கேட்டுச்சு. அது என் கொரலுதான், அக்கா செத்தப்ப நான் அழுதத தம்பி போட்டிருக்கான்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னேன். எல்லாரும் நின்னு கேட்டாங்க. பாட்டு முடிய முந்தியே அது நின்னு போச்சு. நேத்து சித்தப்பாவ அந்த நாலாவது பாட்டப் போடச் சொல்லி கடைசி வரைக்கும் காத வச்சுக் கேட்டேன், சின்ன ரேடியோவுல அடிதான் வராது, கொரலு வரும்ல. அதுல அழுகையே இல்ல, மதினி அப்ப கானுக்குள்ள கெடந்திருக்காங்க.