அம்மனுக்கு எடுத்து வைத்த சேலை

ஜூன் 14, வெள்ளி. ஹட்டன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் புடவைக் கடைக்கு வந்தபோது தேயிலைத் தோட்டத்துக் கோயில் தலைவர் முருகையா வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

“மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க. இந்த வருஷம் திருவிழாவுக்கு உங்க சேலை வேணாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. ஈஸ்டர் அன்னிக்கு சர்ச்சுல குண்டு வெடிச்சதுலருந்து நம்ம ஆளுங்க ஒரு மாதிரியா இருக்காங்க.”

அம்மனுக்கு முதல் சேலை எங்கள் கடையிலிருந்துதான் போகும். வாப்பா காலத்து வழக்கம். இந்த வருடத்துக்கும் ஒரு சிவப்புச் சேலை எடுத்து வைத்திருந்தேன். சரி என்றேன்.

மூன்று வருடங்களுக்கு முன் வெளியூர் மவ்லவி ஒருவன் வந்தான். கோயிலுக்குச் சேலை கொடுப்பவன் முஸ்லிமே இல்லை என்று பள்ளிவாசலில் பேசினான். என்ன கொடுத்தாலும் அவர்கள் உங்களை ஒதுக்கத்தான் போகிறார்கள் என்றான். எல்லோரும் சேர்ந்து விரட்டினோம். கையைப் பிடித்து இழுத்துப்போய் பஸ் ஏற்றியது என் மச்சான் ரஸீன். ஏறும்போது அந்த மவ்லவி ஒரு காகிதத் துண்டில் தன் போன் நம்பரை எழுதி என்னிடம் நீட்டினான். போலீஸ் கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

இன்று முருகையா சொன்னதைக் கடைக்குள் நின்ற ரஸீனும் கேட்டான். சேலையைத் திரும்ப அலுமாரியில் வைத்தான். மாலையில் கடை பூட்டும்போது கேட்டான்.

“மச்சான், அந்த மவ்லவிட நம்பர் ஈக்கா?”

குண்டு வைத்தவர்களும் அவனைப் போலப் பேசியவர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே வராமல் நின்ற முருகையா நினைவுக்கு வந்தார்.

நம்பர் இல்லை என்று மட்டும் சொன்னேன். துண்டு மேசை லாச்சியில் கிடந்தது. கிழித்துப்போடத்தான் இப்போது எடுத்தேன். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.