சூளை வாசலைப் பிரிக்கச் சொன்னவளுக்கு

அடி குள்ளி,

இன்று காலையில் சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இடுக்கில் அப்பும் ஈரக் களிமண் வாசனை வந்ததும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். "உள்ள யாரும் இல்லியே?" என்று நீ கேட்பாயே, அதற்குக் காத்திருந்தேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நானே எழுந்து போய்க் கேட்டேன். புதிதாக வந்த ஆள் சிரித்தார்.

நாம் ஒரே பலகையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கிண்ணங்களுக்கு ஓரம் வழித்தவர்கள். என் வீட்டுக்காரர் அடித்து முகம் வீங்கிய நாட்களில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீ சொல்வாய்: "மாடிப்படியில வுழுந்துட்டியா? ஒங்க வூட்டுல மாடியே கெடையாதேடி!" சிரித்தால் உதடு வலிக்கும். இருந்தாலும் சிரிப்போம்.

"எம் பொண்ணு மேல ஒரு அடி பட்டதில்ல" என்று உன்னிடம் பெருமையாகச் சொல்வேன். அப்பா கத்த ஆரம்பித்தால் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள வேண்டும், என் குரல் கேட்டால்தான் வர வேண்டும், வேறு யார் கூப்பிட்டாலும் மூச்சு விடக் கூடாது என்று செல்விக்குச் சொல்லி வைத்திருந்தேன். நீ தலை நிமிராமல் ஓரம் வழித்துக்கொண்டிருப்பாய்.

அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் விடிந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். ஜங்ஷனில் காலை ரயில் ஊதிய நேரம் செல்வியைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடிவிட்டு, வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த நம் பட்டறைக்கு ஓடி வந்தேன். மேஸ்திரி சுடுவதற்குச் சரக்கு அடுக்கி முடித்து, சூளை வாசலைப் பாதி அடைத்திருந்தார். மழை நாளில் பிள்ளைகள் முந்தின சூடு ஆறாத அந்தக் கதகதப்பில்தான் ஒண்டும். வாசலில் நின்று கூப்பிட்டேன். வீங்கிய தாடையில் பாதிப் பெயர்தான் வந்தது. பதில் இல்லை.

நீ என் முகத்தைப் பார்த்தாய். சூளையைப் பார்த்தாய்.

"அண்ணே, கல்லப் பிரிங்க."

"நானும் கூப்ட்டுப் பாத்தேம்மா. உள்ள சத்தமே இல்ல."

"சத்தம் போடக் கூடாதுன்னு வளத்த புள்ளண்ணே அது. பிரிங்க!"

மேஸ்திரி யோசிப்பதற்குள் நீயே கல்லை இழுத்துப் போட்டாய். ஆட்கள் டீ குடிக்கப் போனபோது நுழைந்திருக்கிறாள். அடுக்குக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஒன் கொரலு மாதிரியே இல்லம்மா" என்றாள்.

நீ என்னைத் திட்டவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாய். "ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு வாங்க. அந்தாளு வந்து கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்." அவர் வந்தார். அவர் தோளுக்கும் எட்டாத நீ வாசலை மறித்து நின்றாய். நான் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

செல்வி வளர்ந்துவிட்டாள். இன்னும் முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "என்னம்மா" என்பாள். அதனால் எதிரில் போய் நின்றுதான் கூப்பிடுகிறேன்.

பெற்ற எனக்கே தோன்றாதது உனக்கு எப்படி அந்த நொடியில் தெரிந்தது? நீ பிறந்த வீட்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. குள்ளி, சின்னப் பிள்ளையில் நீ எங்கே ஒளிந்திருந்தாய்? உன்னை யார் வந்து கூப்பிட்டார்கள்?