மயிலையின் குளம்புக்கு வாங்கிய மடக்குக் கத்தி

என்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிற, ஒரு நாளும் தன் கத்தியை என் கையில் கொடுக்காத என் அன்பு அத்தானுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? போன இடத்தில் உங்களுக்கு என்ன குறை? இங்கே இருக்கிறவனைக் கேளுங்கள். வலது கைப் பெருவிரலில் பாதி நகம் இல்லை. இடது கையில் கட்டு. சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது. எல்லாம் ஒரு மடக்குக் கத்தியால் வந்தது. இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கத்தி வாங்கக் கிளம்புகிற எவனாவது ஒருவன் தப்பித்துக்கொள்வான்.

நான் நாலாவது வரை படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாவது வாத்தியாரிடம் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்று நானே நின்றுகொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் அது பேனாவின் பிழை.

உங்கள் கத்தியை உங்களோடேயே அனுப்பிவிட்டாள் அக்கா. உங்கள் இடுப்பில் இருந்த பச்சை வாரின் பையில் அது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நான்தான் மெதுவாக, "யக்கா, அத்தான் போயிட்டாக, சரி. கத்தி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். அக்கா பார்த்த பார்வையில் வாசலில் கூடியிருந்த முந்நூறு பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள். நானும் போய்விட்டேன். பேசியிருக்க வேண்டுமோ?

நீங்கள் போன கையோடு ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். பட்டாசுக் கொட்டகை போட இடம் வேண்டுமாம். உங்கள் கரிசல் காடு அவர் கண்ணை உறுத்திவிட்டது. "சும்மா கெடக்குற நெலந்தான தாயி" என்று வாரம் தவறாமல் சொன்னார். அக்கா கடைசியில் என்னிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஏலே சோலை, இந்த ஐப்பசிக்கு விதை விழுந்தா நெலம் நம்மது. விழலேன்னா அந்தாள்ட்ட குடுத்துட்டு நானும் பிள்ளைகளும் கம்பெனி வேலைக்குப் போயிருதோம்."

மழை வந்தது அத்தான். அடித்துப் பெய்தது. வெம்பக்கோட்டை அணை நிரம்பி, மீன்கள் ரோட்டில் நடந்து சாத்தூர் வரை போனதை நானே பார்த்தேன். ஆனால் கரிசலில் பதம் வருகிற நேரம் பார்த்து உங்கள் மயிலைக் காளை நொண்டியது. முன்னங்கால் குளம்புப் பிளவில் வீக்கம். ஊரில் உள்ள ஏர் எல்லாம் அவரவர் காட்டில் இறங்கிவிட்டது. இரவல் கேட்க ஒரு மாடு இல்லை. அதன் ஜோடி செவலையை மட்டும் பூட்டி உழ முடியுமா?

குளம்பைச் செதுக்கி உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். நீங்கள் இருந்தவரை அந்த வேலையை உங்கள் கத்தி செய்தது. "நான் இருக்கேன்ல" என்று அக்காவிடம் சொன்னேன்.

முதலில் பக்கத்து வீட்டுச் சீனிச்சாமி தன் கத்தியோடு வந்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டியின் உரசுகிற பக்கத்துக்கு மருந்து பூசுகிறவன், கை எந்நேரமும் பழுத்த புண் நிறத்தில் இருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். என் கண் முன்னால் அந்தக் கத்தியால் தன் கால் ஆணியைச் செதுக்கினான். வேட்டியில் துடைத்தான். அதே கத்தியால் ஒரு கொய்யாவை நறுக்கி, "இந்தாங்க மாமா, சாப்பிடுங்க" என்று நீட்டினான். தூ. உங்கள் மயிலையின் காலில் அந்தக் கத்தி படுவதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

கடைவீதியில் ஓர் அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்துப் போட்டார். மாட்டுக்கொம்புப் பிடி, பளபளவென்று இருந்தது. நகத்தை வைத்து இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். நகம்தான் வந்தது.

"புதுசுன்னா இறுக்கமாத்தான் இருக்கும் தம்பி. பழகப் பழகச் சரியாயிரும்" என்றார்.

"பழகுறதுக்கு இது என்ன சம்பந்தி வீடா அண்ணாச்சி?"

"உங்க நகத்துல வலு இல்ல. சித்தமுந்தி ஒரு பொம்பளைப் பிள்ளை இதே கத்தியச் சொடக்குப் போடுற மாதிரி தொறந்துச்சு."

"அந்தப் பிள்ளை எங்க?"

"தொறந்தத வாங்கிட்டுப் போயிருச்சு."

வியாபாரம் செய்கிற வாய். இருந்தாலும் வாங்கினேன். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் வழி நெடுக இழுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், டிரைவர், தாயில்பட்டி வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை பார்த்தார்கள். பஸ்ஸே நின்றுபோய், அதிலிருந்த நாற்பது பேரும் இரண்டு அணியாகப் பிரிந்து இழுத்தார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கத்தி திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூட்டில் விளக்கெண்ணெய் விட்டேன். அது நல்ல யோசனைதான். எண்ணெய்தான் கெட்டது. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு முன்னைவிட இறுகியது. பிறகு அலகு பிடியின் உள்பக்கத்தில் உரசுகிறது என்று கண்டுபிடித்தேன். உப்புத்தாள் கையில் இல்லை. ஆனால் நம் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? குச்சி உரசுகிற மருந்துப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, இடுக்கில் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். கண்ணாடித் தூள் கலந்த மருந்து. இரும்பையே தின்னும் என்று நினைத்தேன். அது விளக்கெண்ணெயோடு சேர்ந்து கூழாகி மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அரக்கு நிறத்தில் வழிந்ததைப் பார்த்தால், சீழ் பிடித்திருப்பது மயிலைக்கா கத்திக்கா என்று சந்தேகம் வந்தது. நாற்றம் வேறு.

ஒரு தரம் சட்டென்று பொறி பறந்தது. "யக்கா, என் மீசை போச்சு" என்றேன்.

"உனக்கு எப்பலே மீசை இருந்துச்சு?" என்றாள் அக்கா, மயிலையின் கால் அருகில் உட்கார்ந்து ஈ ஓட்டியபடி. அப்புறம் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "நாளைக்கு விட்டா பதம் போயிரும். ஈரம் காஞ்சு காடு வெடிச்சுரும். நீ வெளையாடிக்கிட்டு இரு."

ஒரு சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி அந்தச் சனியனை முக்கினேன். மூட்டைப் பல்குச்சியால் தோண்டத் தோண்ட அதிலிருந்து வந்ததைக் கேட்காதீர்கள். கறுப்புக் கசடு, இரும்புத் துருவல், கடைக்காரர் தலைமயிர் ஒன்று, செத்த எறும்பு. புதுக் கத்தியா அது? குப்பைக்குழி. கசடு போனதும் நகமே வேண்டாம், இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். திறந்தது. மடக்கினேன், திறந்தேன், மடக்கினேன். மடக்கும்போது இடது கைச் சுட்டுவிரலையும் சேர்த்து மடக்கிக்கொண்டது.

திறந்து பார்த்தால் அலகு ஆடியது, விழப்போகிற பல் மாதிரி. ஆடுகிற கத்தியைக் குளம்புப் பிளவுக்குள் விடக் கூடாது, சதையைக் கிழித்துவிடும். மூட்டு ஆணியை இறுக்க வேண்டும். அக்காவின் அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினேன். அம்மி பிளந்து பாதாளம் தெரிந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அவ்வளவு இல்லை, ஓரம் கொஞ்சம் பெயர்ந்தது. அன்றைய துவையல் மண்ணெண்ணெய் வாடையோடுதான் தொண்டையில் இறங்கியது. அலகு ஆட்டம் நின்றது. மடங்குவதும் நின்றது. திறந்தது திறந்தபடி, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

சீனிச்சாமி எட்டிப் பார்த்தான். "மாமா, மடங்காத கத்திக்கு மடக்குக் கத்தி விலையா குடுத்தீக?"

"ஏலே, எனக்கு வேண்டியது தொறந்த கத்திதாம்லே. வந்து மாட்டோட காலப் பிடி" என்றேன்.

மயிலையைச் சாய்த்துக் கட்டினோம். அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் செதுக்க ஆரம்பித்தேன். மேல்தோடு போனதும் பீறிட்டது, அத்தான். என் முகத்தில், வாயில், சீனிச்சாமியின் சட்டையில். அந்த நாற்றத்துக்கு வார்த்தை இல்லை. உள்ளே வெள்ளையாகப் புழு நெளிந்தது. சீனிச்சாமி காலை விடாமல் முகத்தை மட்டும் திருப்பி வாந்தி எடுத்தான். அவனைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆழத்திலிருந்து ஒரு வேலிக்கருவை முள் வந்தது. ஈட்டி நீளம். சரி, என் சுட்டுவிரல் நீளம். சீத்தா இலையை அரைத்து அப்பி, வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றினோம்.

அடுத்த நாள் காலையில் வானம் மூடிக்கொண்டு சின்னத் தூறல் போட்டது. காடு வெடிக்காமல் பதம் நின்றது. அதற்கு அடுத்த நாள் மயிலை காலை ஊன்றியது. ஊன்றியதைப் பார்த்ததும் அக்கா விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் கைக்கட்டோடு மேழியைப் பிடித்தேன். மயிலை நின்று நின்றுதான் போனது. ஆனாலும் போனது. பொழுது சாய்வதற்குள் கம்பு விதை விழுந்துவிட்டது.

கத்தியை அதற்குப் பிறகு எதிர்ப்பக்கமிருந்து தட்டித் தளர்த்தியிருக்கிறேன். இப்போது முனகிக்கொண்டே மடங்குகிறது. எத்தனை தரம் கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. உங்கள் கத்தியை ஒரு விரலால் திறப்பீர்களே, அதுவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்ததா? அதை எப்படிப் பழக்கினீர்கள்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இந்தச் சேதியைச் சொல்லத்தான் கடிதமே. விதைத்த மறுவாரம் அந்தச் சைக்கிள்காரர் வந்தார். அக்கா காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவர் வரப்பில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "என்ன தாயி, முடிவு பண்ணிட்டீகளா?" என்றபடி உள்ளே இறங்கினார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "செருப்பக் கழத்திட்டு வாங்கய்யா. மொளை விட்டிருக்கு" என்றாள்.

அவர் கீழே குனிந்து பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு, வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. இதில் நான் ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை அத்தான்.

கம்பு இப்போது முழங்கால் உயரம். வருகிற ஐப்பசியிலும் உங்கள் காட்டில் முதல் உழவுச் சால் நான்தான் ஓட்டுவேன். மயிலையின் கால் நொண்டினாலும் சரி, என் கால் நொண்டினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன்,
சோலையப்பன்.